புறப்படும் முன் எடுத்த புகைப்படம்

கேள்வி: என் கணவர் காலாட்படையில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார், பொறியியல் படித்தவர். போர்முனையில் ரோந்துக்குக் கிளம்பும் முன் யாரும் புகைப்படம் எடுக்கக் கூடாது என்பது அவருடைய குழுவில் எழுதாத விதியாக இருந்திருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன், புதிதாக வந்து சேர்ந்த ஓர் இளைஞர் காலையில் எல்லோரையும் சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்திருக்கிறார். என் கணவர் அதைப் பார்த்தும் தடுக்கவில்லை. அன்று மாலை அவருடைய உயிர் நண்பர் கண்ணிவெடியில் சிக்கி இறந்துவிட்டார். இப்போது விடுப்பில் வந்திருக்கும் இவர் சரியாகத் தூங்குவதில்லை. வெளியே கிளம்பும்போதெல்லாம் இடது காலணியைத்தான் முதலில் அணிகிறார். இடையில் யாராவது கூப்பிட்டுவிட்டால் கழற்றிவிட்டு மறுபடியும் தொடங்குகிறார். போன வாரம் எங்கள் ஆறு வயது மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டபோது நான் படம் எடுக்கப் போனேன். கைபேசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். ஐந்து வாரங்களில் அவர் பணிக்குத் திரும்ப வேண்டும். இது வெறும் மூடநம்பிக்கை என்று எடுத்துச் சொல்லட்டுமா, அல்லது அவர் போக்கிலேயே விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் வாதிடவும் வேண்டாம். அவர் போக்கிலேயே விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, போருக்குப் போகிறவர்களிடம் காலங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. மற்றொன்று, நண்பருடைய சாவின் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் படும் வேதனை. படைவீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: முன்னதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, பின்னதைப் பற்றி இருக்கிறது. ஆனால் முன்னதை மதித்துப் புரிந்துகொள்ளாத எவரையும் அவர் பின்னதன் அருகே வர விடமாட்டார். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புறப்படும் முன் படம் எடுக்கக் கூடாது என்ற விதி உங்கள் கணவரின் குழு கண்டுபிடித்தது அல்ல. முதல் உலகப் போரிலேயே ஜெர்மானிய விமானிகளிடம் இதே நம்பிக்கை இருந்தது. விமானத்தில் ஏறும் முன் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவர்கள். அதே போரின் பதுங்குகுழிகளில், ஒரே தீக்குச்சியில் மூன்று பேர் சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்ற விதி பரவியிருந்தது. முதல் சிகரெட்டில் எதிரி வெளிச்சத்தைப் பார்க்கிறான், இரண்டாவதில் குறிவைக்கிறான், மூன்றாவதில் சுடுகிறான் என்பது வீரர்கள் அதற்குச் சொன்ன விளக்கம். இன்னும் பின்னால் போனால், நம் மொழியின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், ஆநிரை கவரப் புறப்படும் வீரர்கள் பாக்கத்தில் நின்று நற்சொல் கேட்கும் ‘விரிச்சி’யை வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சாவை எதிர்கொள்ளப் போகிறவன் ஏதோ ஒரு சொல்லை, ஒரு பொருளை, ஒரு வரிசைமுறையைப் பற்றிக்கொள்ளாமல் போனதாக எந்தக் காலத்துப் படையைப் பற்றியும் நான் படித்ததில்லை.

பொறியியல் படித்தவர் இப்படி நம்பலாமா என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளந்து, இருட்டில் வழியைக் கணக்கிட்டுச் சொன்ன இளைஞர்கள் அவர்கள். கணிதம் தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அவர்களே விமானத்தில் ஏறும் முன் அதன் வால் சக்கரத்தின் மேல் சிறுநீர் கழித்துவிட்டு ஏறினார்கள். கழுத்தில் காதலியின் துணியையும் சட்டைக்குள் துணிப் பொம்மையையும் வைத்துக்கொண்டு பறந்தார்கள். பொம்மையை மறந்துவிட்டால் திரும்ப ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். அந்தப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் ஒரு சுற்றுப் பணியை முடிக்க 30 முறை பறந்து திரும்ப வேண்டும். திறமை மிக்க விமானியும் புதியவரும் ஒரே இரவில் ஒன்றாக விழுந்ததைப் பார்த்தவர்களிடம், பயிற்சியை மட்டும் நம்பு என்று சொன்னால் அந்தச் சொல் எடுபடாது.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆபத்தில்லாத உப்பங்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. அங்கே கைத்திறனே போதுமானதாக இருந்தது. அதே மனிதர்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவான சடங்குகளைச் செய்தார்கள். அறிவால் எட்ட முடியாத இடம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் சடங்கும் தொடங்குகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். 1991இல் இஸ்ரேலின் மீது ஏவுகணைகள் விழுந்தபோது உளவியலாளர் கியோரா கெய்னன் செய்த ஆய்வும் இதையே காட்டியது. ஏவுகணை விழும் வாய்ப்பு மிகுந்த பகுதிகளில் வசித்தவர்களிடம் சடங்கையும் சகுனத்தையும் நம்பும் எண்ணங்கள் அதிகமாக இருந்தன. நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்களிடம் இன்னும் அதிகமாக இருந்தன. உங்கள் கணவர் வீட்டிலிருந்து கடைக்குப் போகும்போது இதையெல்லாம் என்றாவது செய்திருக்கிறாரா, போர்முனைக்குப் போவதற்கு முன்? இல்லை என்றுதான் நினைக்கிறேன். உப்பங்கழிக்குத் திரும்பிய பிறகும் அவர் ஆழ்கடல் சடங்கையே செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான் இப்போது கவனிக்க வேண்டியது.

இந்த நம்பிக்கைகள் எப்படி முளைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் மீது ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்த காலத்தில், சில பகுதிகளையே அவை தேடி வருகின்றன என்று மக்கள் உறுதியாக நம்பினார்கள். ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை 576 சம கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் கட்டம் கட்டமாக எண்ணி 1946இல் வெளியிட்டார். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. 211 கட்டங்களில் ஒன்று. 93 கட்டங்களில் இரண்டு. 35 கட்டங்களில் மூன்று. ஏழு கட்டங்களில் நான்கு. ஒரே ஒரு கட்டத்தில் ஐந்தோ அதற்கு மேலோ. குறி எதுவும் இல்லாமல், மனம்போனபடி விழுந்தால் எப்படி விழ வேண்டும் என்று கணிதம் சொல்கிறதோ ஏறக்குறைய அப்படியே விழுந்திருந்தன. ஆனால் அந்த ஒரே கட்டத்தில் வீடிருந்தவருக்கு இந்த அட்டவணை என்ன ஆறுதலைத் தந்திருக்கும்? தற்செயல் நமக்கு ஒருபோதும் தற்செயலாகத் தோன்றுவதில்லை. படம் எடுத்த பிறகு எல்லோரும் பத்திரமாகத் திரும்பிய நாள்கள் உங்கள் கணவரின் குழுவிலும் இருந்திருக்கும்; அவற்றை மனம் எண்ணி வைப்பதில்லை. சடங்கைத் தவறாமல் செய்தும் மாண்டவர்கள் திரும்பி வந்து அது பலிக்கவில்லை என்று சாட்சி சொல்வதும் இல்லை.

இவ்வளவு தெரிந்தும், போர்முனையில் இருக்கும் வீரரின் சட்டைப்பையிலிருந்து தாயத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2006 லெபனான் போரின்போது வடக்கு இஸ்ரேலின் சஃபேத் நகரப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், குண்டு விழும் பகுதியிலேயே தங்கியிருந்தவர்களில் சங்கீதங்களை, அதாவது யூத மறைநூலின் துதிப்பாடல்களை, ஓதியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஊரைவிட்டு வெளியேறி, கையாளக்கூடிய அன்றாடத் தொல்லைகளை மட்டும் எதிர்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. கட்டுப்படுத்தவே முடியாத ஒன்றின் முன் நிற்கும்போது சடங்கு மூச்சைச் சீராக்குகிறது, கையின் நடுக்கத்தைக் குறைக்கிறது. அதற்குள் பெரும்பாலும் அன்பும் இருக்கிறது. ஜப்பானில் போருக்குப் போகிறவனுக்காக அவன் தாயோ சகோதரியோ தெருமுனையில் நின்று, கடந்துபோகும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தையல் கேட்டு, ஆயிரம் பேர் கைபட்ட இடுப்புத் துணியைத் தயாரித்தார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் தன் வயதின் அளவுக்குத் தையல் போடலாம்; புலி ஆயிரம் காதம் போனாலும் வீடு திரும்பும் என்பது அங்கே நம்பிக்கை. சிலர் அதில் ஐந்து சென் நாணயம் ஒன்றையும் வைத்துத் தைத்தார்கள். நான்கு சென் என்பதும் மரணக் கோடு என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. ஐந்து சென் வைத்தால் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவான். அந்தத் துணி எந்தத் தோட்டாவையும் நிறுத்தியிருக்காது. ஆயினும் அதைத் தைத்த தாயிடம் போய் இது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் அந்தச் சொல்லை உங்கள் கணவரிடமும் பயன்படுத்த வேண்டாம் என்கிறேன். அவர் காதில் அது, உன் பயம் கேவலமானது என்று விழும்.

தீங்கு இரண்டு இடங்களில் தொடங்குகிறது. முதலாவது, முடிவெடுக்கும் பொறுப்பை மனிதன் நம்பிக்கையிடம் ஒப்படைக்கும் இடம். கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகர முற்றுகையில் தோற்றுப் பின்வாங்கத் தயாராக இருந்த ஏதென்ஸ் படையின் தளபதி நிக்கியாஸ், அன்றிரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கண்டு, குறிசொல்பவர்கள் சொன்னபடி மும்முறை ஒன்பது நாள்கள் காத்திருக்க முடிவு செய்தார். அந்தத் தாமதத்தில் எதிரிகள் துறைமுகத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். படை முழுவதும் அழிந்தது. எஞ்சிய ஏழாயிரம் பேருக்குக் குறையாதவர்கள் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். கி.மு. 168இல் பிட்னா போருக்கு முந்தைய இரவிலும் ஒரு சந்திர கிரகணம் வந்தது. ரோமானிய அதிகாரி சுல்பிசியஸ் கால்லஸ் வீரர்களைக் கூட்டி, இன்ன நேரத்தில் நிலவு மறையும், இது இயற்கையாக நடப்பது, அஞ்ச வேண்டாம் என்று முன்கூட்டியே விளக்கினார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். அவர் வீரர்களின் பயத்தைப் பழிக்கவில்லை. பயம் வருவதற்கு முன்பே வந்து அருகில் நின்றார் என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு.

இரண்டாவது, நம்பிக்கை பழியாக மாறும் இடம். நான் மேலே சொன்ன அதே குண்டுவீச்சு விமானத் தளங்களில், காதலரையோ கணவரையோ அடுத்தடுத்து இழந்த பெண் ஊழியர்களை ராசியில்லாதவர்கள் என்று பெயர்வைத்து ஒதுக்கினார்கள். அவர்களோடு நடனமாடவும் யாரும் முன்வரவில்லை. துக்கத்தில் துணை மிகவும் வேண்டியிருந்த பெண்களுக்கு இது நேர்ந்தது. பழி அடுத்தவர் மேலும் பாயும். தன் மேலும் பாயும். உங்கள் கணவருக்கு இப்போது நடப்பது இரண்டாவது வகை. படம் எடுத்த அந்த இளைஞரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அந்த இளைஞரும் இன்று எங்கோ தூக்கமின்றி இருக்கக்கூடும்.

ஏன் ஒரு மனிதன் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறான்? என் அனுபவத்தில் இதற்கு ஒரு காரணம் அடிக்கடி தென்படுகிறது. ‘நான் தடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்’ என்ற எண்ணம் கொடுமையானது. ஆனால் ‘யார் என்ன செய்திருந்தாலும் அவன் போயிருப்பான், அடுத்தது நானாகவும் இருந்திருக்கலாம்’ என்ற எண்ணம் அதைவிடக் கொடுமையானது. முன்னதில் குற்றம் இருக்கிறது, ஆனால் உலகம் நம் கைக்குள் இருக்கிறது. அடுத்த முறை கேமராவைத் தடுத்தால் போதும், மகள் பத்திரமாக இருப்பாள். பின்னதில் குற்றம் இல்லை, பிடிமானமும் இல்லை. உங்கள் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கிய அந்த நொடியில் அவர் உங்களை அவமதிக்கவில்லை, மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இதை நீங்கள் புரிந்துகொண்டால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு முன்னாள் வீரர் முதல் சந்திப்பில் பேசாமல் ஒரு நாணயத்தை மேசைமேல் வைத்தார். ஒரு பக்கத்தில் உருவமே தெரியவில்லை. கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஒருநாள் தோழர் அதை இரவல் கேட்டார், இவர் கொடுக்கவில்லை, தோழர் திரும்பவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு ஒரு தாளில் வட்டம் ஒன்று வரைந்து, அந்தச் சாவுக்குப் பங்களித்த எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் எவ்வளவு இடம் என்று அவரையே கோடு போடச் சொன்னேன். தன் பங்கைக் கடைசியில்தான் வரைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சுட்டவனுக்கு, அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்த உத்தரவுக்கு, மூடுபனிக்கு, தாமதமாக வந்த உதவிக்கு என்று பிரித்துக்கொண்டே போனார். தனக்கு வந்தபோது பென்சில் நுனி அளவுக்குத்தான் இடம் மிஞ்சியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு அழுதார், தோழருக்காக. அதுவரை அவர் தனக்காகக்கூட அழுததில்லை. அடுத்த முறை வந்தபோதும் நாணயம் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் பேசி முடிக்கும் வரை அவர் அதைத் தொடவில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை. அந்தக் கண்ணிவெடி, படம் எடுக்கப்படுவதற்கு முன்பே மண்ணுக்கடியில் இருந்திருக்கும். எந்தப் புகைப்படமும் அதை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. இது உண்மை, ஆனால் இதை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். அவராகவே வந்தடைய வேண்டிய இடம் அது. நீங்கள் கேட்க வேண்டியது நண்பரைப் பற்றி. அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குச் சண்டை போடுவார், இருவரும் முதலில் எங்கே சந்தித்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு நாளுக்குள் சுருங்கிப்போன மனிதர் மறுபடியும் முழு மனிதராக வரட்டும். அவர் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அருகில் இருங்கள், மறுநாளும் கேளுங்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். படம் எடுத்தால் ஆபத்து வரும் என்ற பயம் அந்தக் குழந்தைக்குள் போகக் கூடாது. கோபமில்லாத ஒரு நேரத்தில், ‘உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, கிளம்பும்போது எடுப்பது உங்களுக்குக் கஷ்டம் என்றால் இப்போதைக்கு அவள் திரும்பி வந்த பிறகு எடுக்கிறேன், ஆனால் அவள் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது’ என்று சொல்லிப்பாருங்கள். இந்த ஏற்பாட்டைச் சில வாரங்களுக்கு மேல் நீட்டக் கூடாது. அவருடைய பயத்துக்கு ஏற்ப வீட்டையே மாற்றி அமைத்துக்கொண்டே போனால் பயம் குறையாது, வளரும். போன வாரம் நடந்ததைப் பற்றிக் குழந்தையிடமும் பேசுங்கள். அப்பா தன் நண்பரை இழந்த துக்கத்தில் இருக்கிறார், நீ எதுவும் தவறு செய்யவில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

காலணியைப் பொறுத்தவரை, என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது சிலவற்றைத்தான். அது ஒரு நிமிடத்தில் முடிகிறதா? ஒருநாள் தவறிப்போனாலும் புறப்பட முடிகிறதா? அடுத்தவர் யாரையும் அது கட்டுப்படுத்தாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் பழக்கத்தை அவரிடமே விட்டுவிடுவேன். யாராவது கூப்பிட்டால் கழற்றி மறுபடியும் தொடங்குகிறார் என்று நீங்கள் எழுதியிருப்பதால், இரண்டாவது கேள்விக்கு இப்போது ஆம் என்று சொல்ல முடியாது.

தூக்கமின்மை, திடீர்க் கோபம், ஒரு நினைவைத் தூண்டும் எதையும் காணப் பொறுக்காமை, தீராத குற்ற உணர்வு ஆகியவை நான்கு மாதங்களாக நீடிக்கின்றன என்றால், போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. இருந்தால், அதற்கென்றே வகுக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. பெரும்பாலும் வாரம் ஒரு முறையாக எட்டு முதல் பதினைந்து சந்திப்புகள் வரை ஆகும். ஐந்து வாரங்களில் அது முடியாமல் போகலாம். அப்படியானால் போர்முனைக்குத் திரும்பும் தேதியைத் தள்ளிவைக்க மருத்துவர் பரிந்துரைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். தன்னைக் குற்றவாளி என்று நம்புகிறவர் ஆபத்தான இடத்தில் தன் உயிரைத் துச்சமாக எண்ணக்கூடும். எனக்கு இருக்கும் பெரிய அச்சம் அதுதான். சாவைப் பற்றியோ, தான் இருந்து என்ன பயன் என்றோ அவர் பேசினால், அல்லது குடி கூடினால், நாள் குறித்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முதல் சந்திப்புக்கு நீங்களும் உடன் போங்கள். அந்தக் காலையில் எடுத்த படம் இன்னும் யாரிடமாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால், அவருடைய நண்பரின் கடைசிப் படமும் அதுவாகவே இருக்கும். அதை அழித்துவிடும்படி நீங்களோ அவரோ யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். அதை அவர் பார்க்க விரும்பும் நாள் வரும். அந்த நாளை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.